ராமர் பாலம், ஏர்வாடி, பாசி: மதமும் அறிவியலும் எங்கே பேசிக்கொள்கின்றன?

ராமநாதபுரத்தில் இளங்கலை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "‘உயிர்களின் எதிர்காலம்: மதமும் அறிவியலும்’ என்று எங்கள் கல்லூரியில் கருத்தரங்கம் வைக்கிறோம். ஒரு குருக்கள், ஒரு பாதிரியார், ஓர் ஆலிம், ஒரு விஞ்ஞானி என்று நாலு பேரைக் கூப்பிடுவதாகத் திட்டம். நம்பிக்கை ஒரு பக்கம், ஆதாரம் ஒரு பக்கம். இவர்கள் பேசி என்ன ஆகப்போகிறது? பருவநிலை மாற்றம், மரபணுத் திருத்தம், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வந்துவிட்ட காலத்தில் மதத்துக்கு இதில் என்ன வேலை?"

வேலை இருக்கிறது. ஆனால் நீங்கள் திட்டமிட்டிருக்கும் வடிவத்தில் அது நடக்காது. மேடையில் என்ன பேசப்படும் என்று இப்போதே சொல்லிவிடலாம். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். மூன்று பேர் தத்தம் மறையில் இயற்கையை நேசிக்கச் சொல்லியிருக்கும் இடங்களை எடுத்துக் காட்டுவார்கள். விஞ்ஞானி வெப்பநிலை வரைபடம் போட்டுக் காட்டுவார். ‘எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறோம்’ என்று முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவார்கள். போகும்போது யாருடைய வேலையிலும் எதுவும் மாறியிருக்காது.

உங்கள் மாவட்டத்துக் கடற்கரையிலேயே இந்த இரண்டும் நேருக்கு நேர் சந்தித்த இடங்கள் உண்டு. ஓரிடத்தில் பேச்சு கெட்டுப்போனது, இன்னோரிடத்தில் ஓரளவு பலித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

கெட்டுப்போனது ராமர் பாலம். சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 167 கி.மீ. நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம் என்று கடலடியைத் தோண்டி, கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போக வழி செய்வது திட்டம். தேர்ந்தெடுத்த பாதை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான மணல்திட்டு வரிசையை வெட்டிக்கொண்டு போனது. அந்த வரிசை இந்துக்களுக்கு ராமர் பாலம். முஸ்லிம் மரபில் ஆதம் பாலம், ஆதி மனிதர் நடந்து வந்த வழி. ஆதமின் பிள்ளைகளான ஆபிலும் காபிலும் அடங்கிய இடம் என்று சொல்லப்படும் தர்கா ராமேஸ்வரத்திலேயே இருக்கிறது.

2007-ல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் சூடு பிடித்தது. பாலத்துக்குச் சேதம் வரக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ராமாயண மாந்தர்களும் நிகழ்வுகளும் இருந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்ற தொனியில் மத்திய அரசு செப்டம்பரில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நாடு முழுவதும் கொந்தளிப்பு. சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த மாதங்களில் தொலைக்காட்சியில் ஓடியதெல்லாம் ஒரே கேள்விதான்: அந்தத் திட்டுகளை மனிதர் கட்டினாரா, இயற்கை கட்டியதா?

கேள்வியே தவறு என்று நான் சொல்லமாட்டேன். நிலவியலுக்கு அதில் பேச நிறைய இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். பனி உருகக் கடல் ஏறி இடையில் புகுந்தது. ராமேஸ்வரம் தீவின் வடகரையில் தண்ணீருக்கு மேல் நிற்கும் பழைய பவளப் படிவுகளைப் பார்த்தால் கடல் ஒரு காலத்தில் இப்போதைவிடச் சற்று உயர்ந்தும் நின்றிருக்கிறது என்று தெரியும். ஏறுவதும் இறங்குவதும் அதன் பழைய கதை.

ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தது நிலவியல் விவாதமே அல்ல. இரு தரப்பும் அறிவியலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, தனக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் வாங்கப் பார்த்தன. ஒருவர் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி ‘விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது’ என்றார். இன்னொருவர் மணல்திட்டு என்ற சொல்லைக் காட்டி ‘பக்தி தோற்றது’ என்றார். அந்தத் திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுவதும், தோண்டும்போது கிளம்பும் சேறு கடற்புல்லையும் பவளத்தையும் மூடிவிடும் என்பதும், தோண்டியதைப் புயல் திரும்ப நிரப்புமா என்பதும், நாட்டுப்படகுக்காரர் எங்கே வலை போடுவார் என்பதும் மூலைக்குத் தள்ளப்பட்டன. இதையெல்லாம் கேட்ட மீனவர்களும் கடலியலாளர்களும் இருந்தார்கள். யாருக்கும் அவர்கள் குரல் கேட்கவில்லை. 2008-ல் ஆர்.கே. பச்சௌரி தலைமையில் அரசு அமைத்த வல்லுநர் குழு மாற்றுப் பாதையையும் ஆராய்ந்து, பொருளாதாரத்திலும் சுற்றுச்சூழலிலும் அது கட்டுப்படியாகாது என்று அறிக்கை தந்தபோது பரபரப்பு அடங்கிவிட்டது. 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தமிழகச் சட்டமன்றம் மறுபடியும் தீர்மானம் போட்டது.

பக்தியால்தான் அந்தக் கடலடி இன்றுவரை தப்பியது என்று ஒரு நண்பர் சொல்வார். உண்மைதான். ஆனால் தற்செயலாகத் தப்பியது. பாலத்தைத் தொடாமல் பக்கத்தில் தோண்டுகிறோம் என்று யாராவது வந்தால் அந்தப் பக்திக்கு மறுப்புச் சொல்ல எதுவும் இருக்காது, ஏனென்றால் கல்லுக்காகத்தான் அது எழுந்தது. அந்தக் கடலில் இருக்கும் உயிர்கள் அதன் கணக்கிலேயே வரவில்லை. எதிர்த்தரப்புக் கணக்கிலும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதே சாட்சிக் கூண்டு வேலைதான் வாட்ஸ்அப்பில் தினமும் நடக்கிறது. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி ஆண்டு, பார்த்தீர்களா என்று ஒரு செய்தி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றிவரும். முதலாவது ஒரு சுழற்சியின் அளவு, முடிந்ததும் மறுபடி தொடங்குவது. இரண்டாவது, விண்கற்களில் இருக்கும் ஈய அணுக்களின் விகிதத்தை அளந்து 1956-ல் கிளேர் பேட்டர்சன் கண்ட விடையும் அதற்குப் பிந்தைய திருத்தங்களும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்கள் நிற்பதால் இரண்டும் ஒன்றையே சொல்வதாகாது. அப்படிச் சொல்லும்போது புராணமும் சிறுத்துப் போகிறது, அளவீடும் சிறுத்துப் போகிறது. அந்தப் பெரிய எண்ணுக்கு வேறு ஒரு பயன் உண்டு. கோடி ஆண்டுகளில் யோசிக்கப் பழகிய மனத்துக்கு, தன் காலத்துக்குப் பின்னும் உலகம் இருக்கும் என்பது புதிய செய்தியாக இருக்காது. அடுத்த தேர்தலோடு பார்வை முடிந்துவிடுகிற காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

சரி, அறிவியல் இந்தக் கரையைப் பற்றி என்னதான் சொல்கிறது? பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகவும் 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி. 117 வகைப் பாறைப்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை வெட்டியெடுத்ததில் அலைத்தடுப்புப் போய், மணல் அரித்து, தீவே அமிழ்ந்தது. 2001-ல் பவளங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அந்த வேலை படிப்படியாக நின்றது.

இன்றைய ஆபத்துக்குக் கோடாலி தேவையில்லை. பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கிச் சர்க்கரை சமைத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பவை அவைதான், பவளத்துக்கு நிறம் தருவதும் அவைதான். கோடையில் வழக்கமாக எட்டும் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும், உள்ளே இருக்கும் பாசி விஷம்போல் ஆகிவிடுகிறது. பவளம் அதை வெளியே தள்ளுகிறது. கண்ணாடிபோன்ற சதை வழியே வெள்ளை எலும்பு தெரியும். அந்த நிமிடத்தில் அது செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால் சில வாரங்களில் அதன்மேல் அழுக்குப் பச்சையாக வேறு பாசி படரும். அத்தோடு கதை முடிந்தது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய வெளுப்பு நடந்தது. பூமியின் சராசரி வெப்பம் 1.5 டிகிரி கூடினால் உலகின் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடு குறையும், 2 டிகிரி கூடினால் 99 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும் என்பது பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அமைப்பான ஐ.பி.சி.சி. 2018-ல் சொன்ன கணக்கு.

கடல்மட்டம் பற்றி அதே அமைப்பின் 2021 அறிக்கை சொல்வது: கரிம உமிழ்வை மிகக் குறைத்தாலும் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் 28 முதல் 55 செ.மீ. உயரும், தறிகெட்டுப் போனால் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை. தேவிபட்டினத்தில் நவக்கிரகக் கற்கள் கடலுக்குள் நிற்கின்றன. அங்கே அரை மீட்டர் என்றால் என்ன அர்த்தம் என்பதைக் கோயில்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அவர்கள் வற்றுப்பெருக்கோடு வாழ்பவர்கள். அரை மீட்டரா, ஒரு மீட்டரா என்பது யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்லவேண்டும்.

அறிவியல் சொல்வது இத்தோடு நின்றுவிடுகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் சூரியன் பிரகாசம் கூடிக் கடல்களையே வற்றடித்துவிடும் என்றும் அதே அறிவியல் சொல்லும். ‘கடைசியில் எல்லாம் போகத்தானே போகிறது, பவளத்துக்காக நான் ஏன் இன்றைய வரும்படியை விடவேண்டும்?’ என்று ஒருவர் கேட்டால் அவருக்குத் தர வெப்பமானியிடம் பதில் இல்லை. இங்கே மதத்துக்கு வேலை வருகிறது. வருகிறது என்றுதான் சொல்கிறேன், ஒழுங்காகச் செய்கிறது என்று சொல்லவில்லை. ‘கலி முத்திப்போச்சு’, ‘கியாமத்தின் அடையாளம்’, ‘இறுதிக் காலம்’ என்று மூன்று மதத்தாரும் கைகட்டி உட்கார அவரவர் மதத்திலேயே சாக்கு வைத்திருக்கிறார்கள். இஸ்லாமிய மரபிலேயே அந்தச் சாக்குக்கு மறுப்பும் இருக்கிறது. உலக முடிவு நாள் வந்தே விட்டாலும், உங்கள் கையில் ஒரு கன்று இருந்து அதை நட முடியுமானால் நட்டுவிடுங்கள் என்பது நபிமொழி. பலன் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு என்று சொல்லும் வாக்கியம் எந்த அறிவியல் ஏட்டிலும் இருக்க முடியாது. 99 விழுக்காடு என்ற கணக்கைப் படித்துச் சோர்ந்துபோன கடலியல் மாணவருக்கு இது எவ்வளவு தேவை என்று நினைத்துப் பாருங்கள்.

அறிவியல் மதத்தைத் திருத்தியதற்கும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1967-ல் லின் வொயிட் என்ற வரலாற்றாசிரியர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கையை ஆண்டுகொள்ள மனிதனுக்குக் கடவுள் அதிகாரம் தந்தார் என்ற மேற்கத்தியக் கிறிஸ்தவப் பார்வைதான் இன்றைய சூழல் கேட்டின் வேர் என்பது குற்றச்சாட்டு. கோபம் கிளம்பியது. ஆனால் அந்தக் கட்டுரையின் கடைசியில் அவரே ஒரு வழியும் காட்டியிருந்தார்: பறவை விலங்குகளையும் உடன்பிறப்பாகப் பார்த்த புனிதர் அசிசி பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக வைத்துக்கொள்ளுங்கள் என்று. 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார். 2013-ல் வந்த போப் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார். 2015-ல் அவர் பூமியைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஆளும் அதிகாரம் என்று அந்த வேத வசனத்தைப் படித்தது தவறான வாசிப்பு என்று எழுதினார். குற்றச்சாட்டிலிருந்து திருத்தம் வரை 48 ஆண்டு. மெதுவான பேச்சுதான், ஆனால் உண்மையான பேச்சு. ஒருவர் குறை சொன்னார், மற்றவர் கேட்டார், தன் நூலைத் தானே திரும்பப் படித்தார். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஞாயிறு பூசைக்கு வரும் விசைப்படகுக்காரர்களுக்கு அந்தச் சுற்றுமடல் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று உங்கள் பாதிரியாரிடம் மேடையிலேயே கேளுங்கள். மறையில் என்ன இருக்கிறது என்று கேட்பதைவிட அது பயனுள்ள கேள்வி.

குருக்களிடமும் இப்படி ஒன்று கேட்கலாம். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தக் கடலில் குளிப்பவர்களில் பலர் உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் கழிவதாக நம்பிக்கை. பாவம் எங்கே போகிறதோ, துணி வலையில் வந்து மாட்டுகிறது, நைலான் சேலை மட்கவும் மட்காது. பழைய காலத்துப் பருத்திக்கு இருந்த சமாதானம் இதற்கு இல்லை. கடலைத் தீர்த்தம் என்று சொல்பவர்தான் இதை நிறுத்தச் சொல்ல முடியும், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சொன்னால் பக்தர் கேட்கமாட்டார். சடங்கைப் புரட்டிப் போடுவதாக யாராவது பயந்தால், 1897 ஜனவரியில் இதே ராமேஸ்வரம் கோயிலில் நின்று விவேகானந்தர் பேசியதை நினைவுபடுத்தலாம். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவனை வழிபடுகிறான் என்றார். வழிபாடு என்றால் என்ன என்பதை அந்தப் பிராகாரத்துக்குள்ளேயே ஒருவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கிளைச்செய்தி: மதம் கடலை ஏற்கெனவே பாதிக்கிறது, யாரும் திட்டமிடாமலே. புரட்டாசி பிறந்தால் மீன் விலை இறங்கும். கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாத வழக்கம் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் அரசு விதிக்கும் தடைக்காலம் இதற்குப் பக்கத்தில் நிற்கும் மூன்றாவது ஓய்வு. ‘இந்த மாதங்களில்தான் மீன் முட்டை போடுகிறது என்று யார் சொன்னது?’ என்று கேட்கும் மீனவர்கள் நிறையப் பேர் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. விரதத்தை இப்படி யாரும் கேள்வி கேட்பதில்லை, தானே ஏற்றுக்கொண்டது என்பதால். ஒரு கட்டுப்பாடு சட்டத்திலிருந்து நோன்புக்கு எப்படி நகர்கிறது என்பது ஆராய வேண்டிய விஷயம், உங்கள் கருத்தரங்கில் அதற்கே ஓர் அமர்வு வைக்கலாம்.

இப்போது பேச்சு பலித்த இடம். ஏர்வாடி.

சுல்தான் சையது இப்ராகிம் ஷகீது அடங்கிய தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். எல்லா மதத்தாரும் வருவார்கள். கனவில் உத்தரவு வரும்வரை தங்கியிருப்பார்கள், சிலர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில். அவர்களை வைத்துப் பணம் பார்க்கத் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அப்படி ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் பூட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலியில் பூட்டுவது 2017-ல் வந்த மனநலச் சட்டத்தில் வெளிப்படையாகவே தடை செய்யப்பட்டிருக்கிறது.

அந்தத் தீக்குப் பிறகு எளிதாகச் சொல்லியிருக்கக்கூடியது என்ன? மூடநம்பிக்கை, தர்காவுக்கே வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொன்னார்கள். மக்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பிறகு செய்தது வேறு. குஜராத்தில் மீரா தாதர் தர்காவில் முதலில் நடந்த முயற்சியைப் பார்த்து, ஏர்வாடியிலும் தர்காவை ஒட்டியே மனநல மருத்துவர் உட்கார ஏற்பாடானது. தவா-துஆ என்று பெயர், மருந்தும் பிரார்த்தனையும். துஆ ஓதுபவரே ‘போய் டாக்டரையும் பாருங்கள்’ என்று அனுப்புகிறார். கையில் கயிறும் இருக்கும், சட்டைப்பையில் மாத்திரையும் இருக்கும். குடும்பம் உத்தரவுக்குக் காத்திருக்கும், காத்திருக்கும் நாட்களில் மருந்து வேலை செய்யும்.

இதில் யார் யாரை ஒப்புக்கொண்டார் என்று பாருங்கள். நோய் ஜின்னால் வந்ததல்ல என்று தர்கா அறிக்கை விடவில்லை. கனவு உத்தரவு உண்மை என்று மருத்துவர் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு என்ன செய்வது என்பதில் இருவரும் கூடினார்கள். ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். தர்காப் பக்கம் சங்கிலியையும், குணப்படுத்துவது தன்னால் மட்டுமே என்ற உரிமையையும் விட்டது. மருத்துவப் பக்கம், முதலில் நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்ற நிபந்தனையை விட்டது. எல்லாம் சுபம் என்று சொல்லவில்லை, பாதியில் மாத்திரையை நிறுத்துபவர்கள் எங்கும்போல இங்கும் உண்டு. ஆனால் ராமர் பாலத்தில் நடக்காதது இங்கே நடந்தது. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: அங்கே ஒன்றை ஒன்று சாட்சிக்கு இழுத்தன, இங்கே ஒன்றை ஒன்று வேலைக்குக் கூப்பிட்டன.

உங்கள் கருத்தரங்கில் யாராவது கட்டாயம் அப்துல் கலாம் பெயரைச் சொல்வார். ராமேஸ்வரத்துப் பிள்ளை, தொழுகை தவறாதவர், வீணை வாசித்தவர், ராக்கெட் விட்டவர். அதனால் மதமும் அறிவியலும் ஒத்துப்போகும் என்று நிரூபணமாகிவிட்டதாம். ஒருவர் மனத்துக்குள் இரண்டும் சமாதானமாக இருந்தது அவருக்கு நல்லது, நமக்கு அதில் பாடம் குறைவு. அவர் வேலைக்குச் சேர்ந்த தும்பாவில் நடந்ததுதான் பாடம். கேரளத்துக் கடற்கரை மீனவ ஊர் அது. பூமியின் காந்த நடுக்கோடு அதன் பக்கமாகப் போவதால் ராக்கெட் ஏவ அந்த இடமே வேண்டும் என்று விக்ரம் சாராபாய் கேட்டார். அங்கே புனித மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா தானே முடிவெடுக்காமல் ஞாயிறு வழிபாட்டில் சபையாரிடம் கேட்டார் என்று கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மக்கள் சம்மதித்தார்கள், வேறு இடத்தில் புதிய தேவாலயம் கட்டித் தரப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. ஜெப அறை கலாமுக்கு ஆய்வுக்கூடமானது, ஆயரின் அறை வரைபட அறையானது. இப்போது அந்தக் கட்டடம் விண்வெளி அருங்காட்சியகம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இடம் யாருடையதோ அவர்களிடம் கேட்டார்கள் என்பது.

மரபணுத் திருத்தம், செயற்கை நுண்ணறிவு இரண்டையும் பற்றி நீளமாகப் பேச எனக்கு ஆர்வம் இல்லை. 2018-ல் சீனத்தில் ஹே ஜியான்குய் கருவிலேயே மரபணுவைத் திருத்திக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தபோது முதலில் கண்டித்தவர்கள் விஞ்ஞானிகளே. பிறக்கப்போகும் குழந்தையிடம் சம்மதம் வாங்க முடியாது என்பதுதான் அங்கே சிக்கல். பிறக்காதவர்களுக்காகப் பேசுவது யார் என்ற இதே கேள்வி பவளத்திலும் இருக்கிறது, தடைக்காலத்திலும் இருக்கிறது. அதை ராமேஸ்வரத்தில் உட்கார்ந்து பவளத்தை வைத்துப் பேசினால் ஊரில் எல்லோருக்கும் புரியும், மரபணுவை வைத்துப் பேசினால் பத்துப் பேருக்குப் புரியும்.

கடைசியாக, உங்கள் மேடையில் ஒரு நாற்காலி குறைகிறது. அறிவியல் என்பதும் ஒரே குரல் இல்லை. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, பெண்களுக்கு வருமானம் தரும் என்று மண்டபம் பகுதியில் வளர்க்கக் கொண்டுவரப்பட்டது. வருமானமும் வந்தது. பிறகு அது குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதைக் கடலியலாளர்கள் பதிவு செய்தார்கள். இன்றுவரை ஒரு சாரார் ஆபத்து என்கிறார்கள், ஒரு சாரார் சமாளிக்கலாம் என்கிறார்கள். நீங்கள் அழைக்கும் விஞ்ஞானி இதில் எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் நாற்காலி, பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்களுடையது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தட்டு கட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள். தேசியப் பூங்கா வந்தபோது வனத்துறைக்கும் அவர்களுக்கும் பெரிய தகராறு. அந்தத் தகராறுக்கு நடுவிலும், மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது, பாசி வளரும் பருவத்தில் விட்டுவிடுவது, வேரோடு பிடுங்காமல் கையால் கிள்ளுவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மறையும் காட்டவில்லை, ஆய்வேடும் காட்டவில்லை. கடலுக்கு இறங்குமுன் கும்பிடுகிறார்கள், இறங்கினால் எங்கே என்ன குறைந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறார்கள். நீங்கள் கேட்கும் உரையாடலை அவர்கள் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இப்படி. தலைப்பைச் சுருக்குங்கள், ‘அடுத்த வெளுப்பு வந்தால் இந்தக் கரையில் யார் என்ன செய்வது’ என்று வையுங்கள். குருக்கள், பாதிரியார், ஆலிம் மூவரையும் கூப்பிடுங்கள், ஆனால் மறை வாக்கியம் சொல்ல அல்ல, தங்கள் கோயிலில், பங்கில், ஜமாத்தில் அடுத்த ஆண்டுக்குள் எந்த ஒரு வழக்கத்தை மாற்ற முடியும் என்று சொல்ல. மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒருவரை அழைத்து, வெளுப்பு எப்படித் தெரியும் என்று படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏர்வாடியில் மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும் தர்காப் பொறுப்பாளர் ஒருவர் வந்து, முதல் நாள் டாக்டரை உள்ளே விட எப்படி மனம் வந்தது என்று சொன்னால் மற்ற எல்லாப் பேச்சையும்விட அது பயன்படும். பாசி எடுக்கும் பெண்கள் இரண்டு பேரையாவது மேடையில் உட்காரவையுங்கள், பார்வையாளராக அல்ல.

இடம் கல்லூரி அரங்கம் வேண்டாம், பாம்பனில் ஏதாவது சமுதாயக் கூடம் போதும். நாள் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ இருக்கட்டும். தடைக்காலமாதலால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், நாட்டுப்படகுக்காரர்கள் தொழிலுக்குப் போகாத நேரமாகப் பார்த்து வையுங்கள். தண்ணீர் சூடேறிப் பவளம் வெளுக்கத் தொடங்கும் மாதங்களும் அவைதான், அதனால் காலையில் படகில் போய்ப் பார்த்துவிட்டு மதியம் பேச உட்காரலாம். தேசியப் பூங்கா எல்லைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு இப்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.